முதல் சுற்றிலேயே எழுந்த விருந்தாளி

திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதிக்குத் தேங்காய் உடையும் சத்தம் ஓய்வதில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் ஏழாம் நாள் மாலை அங்கே ஒலிப்பது சுவாதித் திருநாளின் சுத்த சாவேரிக் கீர்த்தனை. ஐந்தே சுரங்கள். அதன் மத்யமத்தை சட்ஜமாக வைத்துக்கொண்டால் கிடைப்பது மோகனம்.

மோகனத்தின் அதே ஐந்து சுரங்களில் எத்தியோப்பியர்களுக்கும் ஒரு இசை உண்டு. பெயர் 'திஸிதா'. நினைவு என்று அர்த்தம். நமக்கு மோகனம் பெரும்பாலும் குதூகலம். அவர்களுக்கு அந்தச் சுரங்கள் பிரிந்தவரையும் போன காலத்தையும் எண்ணி ஏங்குவதற்கு. 'அஸ்மாரி' எனப்படும் நாடோடிப் பாணர், ஒற்றைத் தந்தி 'மஸின்கோ'வை வில்லால் இழைத்தபடி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார். மேலே மெழுகு, உள்ளே பொன் என்பது அவர்களது கவிதை இலக்கணம். காளமேகத்தின் சிலேடையை ரசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒற்றுமை தெரியவர நமக்கு வாய்ப்பில்லாமல் போகவில்லை. பேரரசர் ஹெய்லி செலாசியின் காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறைந்திருந்தார்கள். கணிசமானவர்கள் கேரளத்தவர். 1947இல் அப்படிப் போன திருப்பூணித்துறை இளைஞர் பால் வர்கீஸ், அம்ஹாரிக் மொழி கற்று, பின்னர் பேரரசரின் உதவியாளரே ஆனார். பாவுலோஸ் மார் கிரிகோரியோஸ் என்ற பெயரில் உலகம் அறிந்த மதகுரு அவர்தான்.

ஆனால் அவர் விதிவிலக்கு. பெரும்பாலோர் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்கள், சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார்கள், திரும்பினார்கள். அதில் குற்றமில்லை. அவர்களை நன்றியோடு நினைக்கும் மாணவர் தலைமுறைகள் அங்கே உண்டு. பாடம் போனது, பாட்டு வரவில்லை என்பதுதான் குறை.

1974இல் பேரரசர் வீழ்ந்தார். ராணுவ ஆட்சியின் ஊரடங்கு அடிஸ் அபாபாவின் இரவு இசையை முடக்கியது. முலாட்டு அஸ்டாட்கே, மஹ்மூத் அகமத் போன்றவர்களின் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து, 1997 முதல் தொகுதி தொகுதியாக உலகத்தின் காதில் போட்டவர் பிரான்ஸ்காரரான பிரான்சிஸ் ஃபால்செட்டோ. அங்கே வீடெடுத்து வாழ்ந்த நாம் அல்ல. நம் சபாக்கள் இன்றும் மோகனத்தின் இந்த ஆப்பிரிக்க உறவைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

எத்தியோப்பிய வீடுகளில் காப்பி ஒரு சடங்கு. தரையில் பசும்புல் பரப்பி, குந்திரிக்கம் புகைய, விருந்தாளியின் கண்ணெதிரே கொட்டை வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். மூன்று சுற்று. மூன்றாவதன் பெயர் 'பரகா'. ஆசி என்று பொருள். அதற்குமுன் எழுந்துபோவது மரியாதையல்ல.

நாம் முதல் கோப்பையோடு எழுந்துவிட்டவர்கள். கூஜாவில் இன்னும் மிச்சமிருக்கிறது.