இல்லங்களுக்கு மூங்கில் தளம் பாவுதல்

சொந்த நிலத்தில் மூங்கில் வைத்திருக்கும் குடியானவர், நகரத்து வீடுகளில் பளபளப்பாகப் பாவப்பட்டிருக்கும் மூங்கிற் பலகைத் தளத்தைக் கண்டவுடன், நம் வீட்டுக்கும் அவ்வாறு செய்துகொண்டாலென்ன என்று எண்ணுவது இயல்பே. பலகையை விலைக்கு வாங்கிப் பாவுவோரும் உளர். தம் தோட்டத்து மூங்கிலைப் பிளந்து தாமே தளம் அமைக்க விரும்புவோரும் உளர். இவ்விரு திறத்தாருக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றே. மூங்கில் தளத்தின் ஆயுள், அதைப் பாவும் நாளில் நிர்ணயிக்கப்படுவதன்று. மூங்கிலை வெட்டிய நாளிலும், அதைப் பக்குவப்படுத்திய முறையிலும், அது கிடக்கப்போகும் இடத்தின் ஈரத்திலும் முன்னரே நிர்ணயமாகிவிடுகின்றது. இதனை உணராது பாவப்படும் தளம் சில வருஷங்களிலேயே உளுத்தோ உப்பியோ போகும். அப்பால் ஊரார் குறை கூறுவது வேலையையன்று, மூங்கிலையே. அந்த அவப்பெயரால் நஷ்டமடைவோர் மூங்கில் பயிரிட்டவர்களே.

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. முளைத்த கழி ஒரே பருவத்தில், சில மாதங்களுக்குள், தன் முழு உயரத்தையும் அடைந்துவிடும். அதன்பின் பருப்பதும் இல்லை. இதைக் கண்டு, உயர்ந்து நிற்கும் கழியெல்லாம் முற்றியதெனக் கருதுவோர் பலர். ஆனால் கழியின் உட்புறம் இறுகி வலிமை பெறுவதற்கு மூன்று முதல் ஐந்து வருஷங்கள் செல்லும். இளங்கழியில் நீர் மிகுதி. காயும்பொழுது அது சுருங்கி வெடிக்கும். ஆதலால் ஒவ்வொரு வருஷமும் புதிதாக முளைத்த கழிகளில் அவ்வருஷத்தின் எண்ணை வர்ணத்தால் எழுதி வைத்தல் மிகச் சிலாக்கியமானது. இதற்குச் செலவு அற்பம். வெட்டும் காலத்தில் சந்தேகத்துக்கு இடமேயிராது. குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டுவது புதருக்குக் கெடுதி.

அடுத்ததாகக் கவனிக்கவேண்டியது உளு. மூங்கிலின் உள்ளே மாச்சத்து நிறைந்திருக்கின்றது. கழியைத் துளைத்துப் பொடியாக்கும் சிறு வண்டு அந்த மாச்சத்தை நாடியே வருகின்றது. நமது முன்னோர் வெட்டிய மூங்கிலை ஓடும் நீரிலோ குளத்திலோ பல வாரங்கள் ஊறப்போட்டதன் காரணம் இதுவே. மாச்சத்து கரைந்து போனால் வண்டுக்கு இரையில்லை. இம்முறை இன்றும் பயனுள்ளதே. எனினும் வீட்டினுள் பாவும் தளத்துக்கு இதனிலும் உறுதியான முறை போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த நீரில் ஊறவைத்தலாகும். 100 லிட்டர் நீருக்குப் போரிக் அமிலம் 2 கிலோவும் வெங்காரம் 3 கிலோவும் கரைத்து, பிளந்த பிளாச்சுகளை அதில் ஒரு வாரம் வரை முழுதும் அமிழ்ந்திருக்கச் செய்து, பின்னர் நிழலில் அடுக்கி நன்றாக உலர்த்தவேண்டும். முழுக் கழியாயின் உள்ளிருக்கும் கணுத் தடுப்புகளை நீண்ட கம்பியால் துளைத்துவிட்டு ஊறவைக்கவேண்டும். இல்லையேல் மருந்து உட்செல்லாது. இம்மருந்து மழையில் கரைந்துவிடுமாதலால், திண்ணைக்கும் முற்றத்துக்கும் உதவாது. கூரையின்கீழுள்ள அறைக்கே உதவும். தொட்டியில் எஞ்சிய நீரை வாய்க்காலிலோ வயலிலோ விடலாகாது. போரான் மிகுந்தால் பயிர் கருகும். குழந்தைகளும் கால்நடைகளும் தொட்டியை அணுகாவண்ணம் காவலும் வேண்டும்.

கடையில் விற்கும் பலகைகள் பெரும்பாலும் சீன தேசத்தில் வளரும் மோசோ என்னும் மூங்கிலால் ஆனவை. அங்கே கழியைப் பிளந்து, வெளித்தோலையும் உட்பஞ்சையும் சீவி, மாச்சத்து நீங்க வேகவைத்து, உலர்த்திப் பசையிட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையாக்குகின்றனர். நீராவியில் பழுப்பு நிறமேற்றிய பலகை பார்வைக்கு அழகு. ஆயின் நிறமேற்றாத பலகையைவிடச் சிறிது மெதுவானது. நாராக நசுக்கிப் பசையில் தோய்த்து இறுக்கிய மற்றொரு வகையோ பல மரங்களைக் காட்டிலும் கடினமானது. வாங்குவோர் நிறத்தைப் பாராது இவ்வேறுபாட்டைக் கேட்டறிந்து வாங்கவேண்டும்.

இனி, எவ்வறையில் பாவுவது? நமது வீடுகளில் தரையை நீர்விட்டுக் கழுவுவது நித்திய வழக்கம். பொங்கலுக்கு வீடு முழுவதும் கழுவப்படும். மூங்கில் தளமோ நீர் தேங்குவதைப் பொறுக்காது. பிழிந்த ஈரத்துணியால் துடைப்பதையே பொறுக்கும். ஆகையால் சமையலறை, கூடம், குளிக்குமறை ஆகியவற்றுக்கு அது வேண்டாமென்பதே நமது திடமான அபிப்பிராயம். அங்கெல்லாம் கல்லும் ஓடும் சிமெண்டுமே தக்கவை. மாடியறை, படிக்கும் அறை, பரண் ஆகியவற்றுக்கு மூங்கில் பொருந்தும். மிஜோரத்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் கால்நட்டு உயர்த்திய வீடுகளில் மூங்கிற் பிளாச்சுத் தளம் நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. அத்தளத்தின் கீழே காற்று உலாவி ஈரத்தை நீக்குகின்றது. வீட்டினுள் எரியும் அடுப்பின் புகை வண்டை விலக்குகின்றது. அவ்விரண்டும் இல்லாத நமது தரைத்தள அறையில் மூங்கிலைப் பரப்பிவிட்டு அதே ஆயுளை எதிர்பார்ப்பது நியாயமன்று.

மாடியில் பாவுவதாயினும் சில விதிகள் உள. புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரை பல வாரங்கள் உலர்ந்திருக்கவேண்டும். உலர்ந்ததா என்றறிய, இரண்டடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரைமீது விரித்து, ஓரங்களை ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பார்க்கலாம். தாளின் கீழ் நீர்த்துளியோ கறுத்த ஈரமோ காணப்படின் வேலையை ஒத்திவைப்பதே நலம். தரை மேடுபள்ளமின்றியிருத்தல் அவசியம். பலகைகளைக் கட்டு அவிழ்த்து, பாவப்போகும் அறையிலேயே மூன்று நாட்களுக்குக் குறையாமல் வைத்திருந்தால், அவை அவ்வறையின் காற்றுக்கேற்பத் தம்மைச் சரிப்படுத்திக்கொள்ளும். ஈரம் மேலேறாதிருக்கத் தரைக்கும் பலகைக்கும் இடையே தடித்த பிளாஸ்டிக் தாள் விரிக்கவேண்டும். சுவரோரம் சுற்றிலும் அரை அங்குல இடைவெளி விடவேண்டும். மழைக்காலத்தில் பலகை விரியுங்கால், இடமில்லாவிடில் நடுவே கூரைபோல் எழும்பிவிடும். அவ்விடைவெளியை ஓரச்சட்டத்தால் மறைக்கலாம், சிமெண்டால் அடைக்கலாகாது. அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஒரே நேரில் அமையாது மாறிமாறி வருதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 1927-ம் வருஷத்திய இந்திய வனச்சட்டம் மூங்கிலையும் மரமென்றே வகுத்திருந்தது. 2017-ம் வருஷம் நவம்பரில் பிறந்த அவசரச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த திருத்தச் சட்டமும் அவ்வகுப்பிலிருந்து மூங்கிலை நீக்கின. காட்டுக்கு வெளியே பயிரிடுவோருக்கு ஊக்கமளிப்பதே அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காடுகளோ 1882-ம் வருஷத்திய தனிச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆதலால் கழிகளை வெட்டி வண்டியேற்றுமுன் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்வது குடியானவருக்குப் பாதுகாப்பு. பட்டா நிலத்து மூங்கிலை அடங்கலில் தவறாது பதிவுசெய்து உதவுவது கிராம நிர்வாக அலுவலரின் கையில் இருக்கின்றது. அப்பதிவு இல்லாமையால் வழியில் நிறுத்தப்படும் சுமைக்குக் குடியானவர் பதில்சொல்லத் திண்டாட நேரும்.

புதிதாக நட விரும்புவோர் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையோ கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தையோ அணுகி, தம் நிலத்துக்கேற்ற இனம் எதுவெனக் கேட்டறியலாம். கல்மூங்கில் உட்கூடு மிகச் சிறுத்து வறட்சியையும் தாங்குவது. முள்மூங்கில் நீர்வளமுள்ள கரைகளில் ஓங்குவது. 5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 160 கன்றுகள் கொள்ளும். மூங்கில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, புதர் முழுவதும் மடிந்துபோகும் இயல்புடையது. ஆதலின் நிலம் முழுவதையும் ஒரே இனத்துக்கு ஒப்படைப்பது புத்தியன்று.

முடிவாக, மூங்கில் தளம் வேண்டுவோர் முதலில் வீடு முழுவதற்கும் செலவிடாமல், உலர்ந்த மாடியறை ஒன்றில் மட்டும் பாவி, இரண்டு மழைக்காலம் அது எவ்வாறு நிற்கின்றது என்று பார்க்கட்டும். பொறுத்துச் செய்த அந்த ஓர் அறை அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் சாட்சியாக நிற்கும். அவசரத்தில் பாவிய தளமோ நம் தோட்டத்து மூங்கிலை வாங்க வருபவனையும் திருப்பி அனுப்பிவிடும்.