நோ காஸ்ட் இஎம்ஐ: "காஸ்ட் இல்லை" சரி, யாருக்கு இல்லை?



காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல பட்டுச்சேலை வாங்கும்போது "ப்ளவுஸ் பிட் ப்ரீ"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்பு வரும். அந்த பிட்டும் சேலையோட சேர்த்து அதே தறியில நெஞ்சதுதானே? பட்டு, ஜரிகை, நெசவுக் கூலி எல்லாமே சேலை விலைக்குள்ள இருக்கு. தனியா காசு கேக்கல, அவ்வளவுதான்.

"ப்ரீ", "காம்ப்ளிமென்ட்டரி", "நோ காஸ்ட்" மூணையும் நாம "இலவசம்"னே படிக்கிறோம். தப்பு. ப்ரீன்னா உங்களுக்கு விலை இல்லை, செலவு வேற யாருக்கோ. 2011-ல தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச மடிக்கணினிக்கு "விலையில்லா"ன்னு பேர் வெச்சது கணக்குப்படி ரொம்பச் சரி: மாணவருக்கு விலை இல்லை, அரசுக்குச் செலவு உண்டு. காம்ப்ளிமென்ட்டரி, ஹோட்டல் காலை டிபன் மாதிரி. ரூம் வாடகையிலேயே அதுக்கும் கட்டிட்டீங்க.

வில்லங்கம் "நோ காஸ்ட்"லதான். ஒரு உதாரணம். போன் விலை ₹48,000. மொத்தமா கட்டினா ₹2,000 தள்ளுபடி. இஎம்ஐன்னா மாசம் ₹8,000, 6 மாசம். பேங்க் வட்டி 15%னு வெச்சுக்கோங்க. வட்டி சுமார் ₹2,032. அதை கடைக்காரர் விலையில கழிச்சிடுவார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி ₹366, ப்ராசஸிங் கட்டணம் ₹199, அதுக்கு ஜிஎஸ்டி ₹36, இதெல்லாம் உங்க கார்டுலதான் ஏறும். விட்டுப்போன தள்ளுபடியும் சேர்த்தா ₹2,601. வருஷ வட்டியா பாத்தா ஏறக்குறைய 19%!

இது நான் மட்டும் சொல்றதில்ல. பூஜ்ய சதவீத வட்டிங்கிறதே கிடையாது, வட்டியை ப்ராசஸிங் கட்டணமா மறைக்கிறாங்கன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே பேங்குகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. அப்புறம் "ஜீரோ" போய் "நோ காஸ்ட்" கடைக்குக் கடை தொங்குது.

இஎம்ஐயே எடுக்காதீங்கன்னு நான் சொல்லல. தள்ளுபடியே இல்லாத பொருளுக்கு, கட்டணமும் கம்மின்னா எடுக்கலாம். ஆனா கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "இப்பவே மொத்தமா கட்டினா எவ்ளோ?" இஎம்ஐயில மொத்தமா போற தொகையில இதைக் கழிங்க. வர்ற வித்தியாசம்தான் அந்த "நோ காஸ்ட்"டோட காஸ்ட்.