பார்த்துச் செய்தல் இழிவா?

அட்டையில் வரைந்துள்ளபடி துண்டுகளைப் பொருத்திப் பொம்மை விமானம் செய்த மாணவனை, “பார்த்துத்தானே செய்தாய்!” என்று நகைப்போர் உளர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அமெரிக்கரான பர்ட் ரூட்டன், இருவர் அமர்ந்து செல்லும் ‘லாங் ஈஸி’ என்னும் சிறு விமானத்தை வடிவமைத்தார். வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளும்படி அதன் வரைபடங்களை விற்றார். நாம் வாழும் பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்தின் பொறியாளர்கள், கற்றறிந்தவர்களாக இருந்தும், அவ்வடிவத்தைப் பின்பற்றியே ஒரு விமானம் கட்டினர்.

நுரைப்பலகையை இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் பரப்பிப் பிசின் தடவ வேண்டும். பிசின் மிகுந்தால் எடை கூடும். குறைந்தால் வலிமை குன்றும். அந்த அளவு படித்து அறிவதன்று, கைப்பழக்கத்தால் வருவது.

1987இல் அவ்விமானம் பறந்தது. 1993இல், அதே ஆய்வகம் தானே வடிவமைத்த ‘ஹன்சா’ பறந்தது. (ஹன்சா என்றால் அன்னம்; நல்ல பெயர்தான்!) அதன் உடலும் இழையும் பிசினும் சேர்ந்ததே. முன்னதில் கை பழகாமல் பின்னது எழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.