சிரித்துவிட்டுப் போகிறவர்கள்

குப்பைப் படங்களை விரும்புகிறவர்கள் என்று எம்மிடையே இரண்டு வகையினர் இருக்கிறார்கள். முதல் வகையினர் அவற்றைப் பார்ப்பார்கள், வெளியில் சொல்லமாட்டார்கள். இரண்டாம் வகையினர் சொல்லிக்கொண்டே திரிவார்கள், ஆனால் முழுதாகப் பார்த்திருக்கமாட்டார்கள். முதல் வகையினரோடு எனக்கு வழக்கில்லை. வெட்கம் அவரவர் சொந்த விடயம். இரண்டாம் வகையினரோடுதான் எனக்குச் சண்டை.

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். இளங்கவிஞர் ஒருவர் தன் கைத்தொலைபேசியில் துருக்கிப் படமொன்றின் மூன்று நிமிடத் துண்டைக் காட்டினார். காலிலே பாறைகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் குதிக்கிறார். கல்லைக் குத்துகிறார், கல் உடைகிறது. பின்னர் கம்பளிமயிர் உடுத்த அரக்கர்கள் வருகிறார்கள், அவர்களின் கைகளைப் பிய்த்தெறிகிறார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எவ்வளவு மோசமோ அவ்வளவு அருமை சேர்” என்றார் கவிஞர். பக்கத்தில் நின்ற மூத்த விமர்சகருக்குக் கோபம் வந்துவிட்டது. “யில்மாஸ் குனே பிறந்த நாட்டிலிருந்து உங்களுக்குப் பார்க்கக் கிடைத்தது இதுதானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இருவரும் எதிரெதிரானவர்கள் என்றே அங்கு நின்றவர்கள் நினைத்தார்கள். என் கணக்கில் இருவரும் ஒரே கட்சி. படம் எதையும் சொல்லவில்லை என்பதில் இருவருக்கும் பூரண உடன்பாடு. ஒருவர் அதற்காகச் சிரிக்கிறார், மற்றவர் அதற்காக முறைக்கிறார்.

அந்தப் படத்தின் பெயர் ‘உலகைக் காத்த மனிதன்’. 1982 இல் வந்தது. இயக்கியவர் சேத்தின் இனாஞ்ச். படங்களை எடுத்துத் தள்ளுகிற வேகத்துக்காக ‘ஜெட் இயக்குனர்’ என்று பெயரெடுத்தவர். கதையை எழுதி நடித்தவர் ஜுனெய்த் அர்க்கின். இந்த மனிதர் முறையாக வைத்தியம் படித்துத் தேறிய டொக்டர். பிறகு நடிக்க வந்து, சர்க்கஸ்காரரிடம் கரணமடிக்கப் பழகி, 2022 இல் இறக்கும்போது ஏறத்தாழ முந்நூறு படங்களில் நடித்திருந்தார். விண்வெளிக் காட்சி எடுக்கக் காசில்லை. எனவே அமெரிக்காவின் ‘ஸ்டார் வோர்ஸ்’ படச்சுருளையே வெட்டி ஒட்டினார்கள். ஸ்பீல்பேர்க்கின் இந்தியானா ஜோன்ஸ் படத்து இசையையும் கேளாமல் எடுத்துப் போட்டார்கள். கதாநாயகன் விமானமோட்டுகிற பாவனையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் திரையில் அந்தக் களவெடுத்த போர் ஓடுகிறது.

இதுவரைக்கும் சிரிக்கிற நண்பர்களுக்கும் தெரியும். அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் படத்தில் மந்திரவாதி ஒருவன் பூமியை அழிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. பூமியைச் சுற்றி ஒரு கவசம் இருக்கிறது. அது இரும்பாலோ மின்சாரத்தாலோ ஆனதில்லை, மனித மூளையின் அணுக்கள் திரண்டு உண்டானது. ஆகவே அவனுக்கு ஒரு மனித மூளை தேவைப்படுகிறது. கடைசியில் கதாநாயகன் பொன் வாளையும் பொன் மூளையையும் உருக்கிக் கையுறையாகவும் சப்பாத்தாகவும் வார்த்து அணிந்துகொண்டு, மந்திரவாதியை நடுவாலே பிளக்கிறான். நாடு அப்போது 1980 செப்ரெம்பர் 12 இல் நடந்த இராணுவச் சதிப்புரட்சியின் கீழ் கிடந்தது. புத்தகங்கள் பறிக்கப்பட்ட, எழுத்தாளர்கள் சிறையிலிருந்த காலம். அந்தக் காலத்தில் உலகைக் காப்பது மனித மூளைதான் என்று ஒரு மலிவான படம் சொல்கிறது. அர்க்கின் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினாரென்று நான் வாதாடமாட்டேன். ஆனால் இதே வரி ஓர் ஐரோப்பியக் கலைப்படத்தில் வந்திருந்தால் எங்கள் விமர்சகர் எத்தனை பக்கம் எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் முப்பதுகளில் ஒரே டிக்கட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். பெரிய படத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடிய மலிவான படத்துக்குத்தான் ‘பி’ படமென்று பெயர் வந்தது. துருக்கியில் கதை வேறு. அங்கே கிட்டத்தட்ட எல்லாமே பி படம்தான். இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியில் யெஷில்ச்சாம் என்றொரு சிறிய தெரு. அந்தத் தெருவின் பெயரே அந்நாட்டுச் சினிமாவின் பெயராயிற்று. 1972 இல் மட்டும் அங்கிருந்து ஏறத்தாழ 300 படங்கள் வந்தன. முதல் போட்டது வங்கியோ அரசாங்கமோ இல்லை. அதானா, இஸ்மிர், சாம்சுன் என்று பிரதேசம் பிரதேசமாகப் பிரித்து வைத்திருந்த விநியோகஸ்தர்கள் தவணைச் சீட்டு எழுதிக் கொடுத்து முன்பணம் தந்தார்கள். எந்த நடிகர், எத்தனை சண்டை, எத்தனை பாட்டு என்பதையும் அவர்களே சொன்னார்கள். வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் படச்சுருள் பொன்னைப்போல. ஒரு காட்சியை இரண்டாம் தடவை எடுப்பது ஆடம்பரம். ஒலியில்லாமலே எடுத்தார்கள். பக்கத்தில் நின்று ஒருவர் வசனத்தைச் சொல்லிக்கொடுக்க நடிகர் வாயசைத்தார், குரல் பின்னர் வந்தது.

இந்த நிலைமையில் அனத்தோலியாவின் ஒரு சிற்றூர்க் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற பொடியனுக்கு விண்வெளியைக் காட்ட வேண்டும். ‘எங்களிடம் காசில்லை, ஆகவே விண்வெளி வேண்டாம்’ என்று சொல்வது நியாயமான பதில். அவர்கள் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. இந்தப் படங்களின் ஈர்ப்பு எங்கே இருக்கிறதென்று யாராவது என்னிடம் கேட்டால் இங்கே என்று காட்டுவேன். ஆசை கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது, கை நீண்டுகொண்டே போகிறது, நடுவிலுள்ள இடைவெளியை மறைக்க அவர்களிடம் துணியில்லை. அந்த இடைவெளியைப் பார்த்துச் சிரிக்கிறவர் இல்லாமையைப் பார்த்துச் சிரிக்கிறார். அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும், நான் அப்படிக் கூப்பிடமாட்டேன்.

கோபித்துக்கொண்டு எழுந்து போனவருக்கும் ஒரு வார்த்தை. ‘உலகைக் காத்த மனிதன்’ வந்த அதே 1982 இல்தான் யில்மாஸ் குனே சிறையிலிருந்து எழுதி, ஷெரிஃப் கோரென் இயக்கிய ‘யோல்’ கான் விழாவின் தங்க ஓலையைப் பகிர்ந்துகொண்டது. துருக்கியில் அதை 1999 வரை காட்டவிடவில்லை. ஆனால் குனே எங்கிருந்து வந்தார்? அறுபதுகளில் அவர் ‘அவலட்சண ராஜா’. கைத்துப்பாக்கியும் கைகலப்புமாக வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டுக்கும் மேலே மலிவுப் படங்களில் நடித்துத் தள்ளியவர். ‘உமுத்’ என்ற படத்தை 1970 இல் அவரால் எடுக்க முடிந்ததென்றால், அதற்கு முன்னர் அதானாக் கொட்டகைகளில் அந்த முகத்தைப் பார்க்கச் சனம் காசு கொடுத்திருந்தது. குப்பையைக் கழித்துவிட்டுக் குனேயை வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொருவர் மெத்தின் எர்க்சான். அவருடைய ‘நீரற்ற கோடை’ 1964 இல் பேர்லினில் தங்கக் கரடியை வென்றது. பத்து வருடம் கழித்து அதே எர்க்சான் ‘ஷைத்தான்’ எடுத்தார். அமெரிக்காவின் ‘எக்சோசிஸ்ட்’ படத்தைக் காட்சிக்குக் காட்சி பிரதி பண்ணிய படம். சிலுவையும் பாதிரியும் மட்டும் இஸ்தான்புல்லில் செல்லாது. ஆகவே பாதிரியாரின் இடத்தில் ஷைத்தானைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஓர் உளவியலாளர், தீர்த்தத்தின் இடத்தில் ஸம்ஸம் தண்ணீர். கேட்டதும் எங்களவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் படத்தைக் கவனித்துப் பாருங்கள். அமெரிக்கப் படத்தில் தளர்ந்த நம்பிக்கையோடு போராடுகிறவர் மதகுரு. இங்கே படித்த, நவீனமான, மார்க்கத்தை மறந்த நகரத்து மேல்தட்டுக் குடும்பம். அரை நூற்றாண்டுக் கட்டாய நவீனமயத்தின் பிறகு அந்த வீட்டில் எது மிச்சமிருக்கிறது என்ற கேள்வி, களவெடுத்த கதைக்குள்ளே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நகல் எடுக்கிறபோது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிற இடங்களில்தான் ஒரு சமூகம் தன்னைக் காட்டிக்கொள்கிறது. நல்ல படங்களில் அந்த இடங்களைச் சீவி விடுவார்கள்.

சித்திரக்கதைகளுக்கு வருகிறேன். சுவாத் யலாஸ் பத்திரிகையில் வரைந்த ‘கரஓலான்’ என்ற வீரனை 1965 இல் அவரே படமாக இயக்கினார். வரைந்த கையே இயக்கியது. செஸ்கின் புராக்கின் ‘தர்க்கான்’ வந்தான், ஓநாயோடு. ஓநாய்க்கு எங்கே போவது? அல்சேஷன் நாய்தான் ஓநாய். 1971 இல் வந்த ‘வைக்கிங் இரத்தம்’ படத்தில் காற்றடைத்த ஒக்டோபஸ் ஒன்று பெண்ணைப் பிடிக்கும், அதைப் பார்க்காமல் யாரும் மௌத்தாகக்கூடாது. 1973 இல் ‘மூன்று மாவீரர்கள்’ என்ற படத்தில் கெப்டன் அமெரிக்காவும் மெக்சிக்கோ மல்யுத்த வீரர் சான்ட்டோவும் இஸ்தான்புல் வந்து இறங்குகிறார்கள். யாரைப் பிடிக்க? ஸ்பைடர்மேனை. முகமூடிக்கு மேலே அடர்ந்த புருவம் தெரிய, கொலையும் கொள்ளையுமாகத் திரிகிற வில்லன் ஸ்பைடர்மேன். அமெரிக்காக்காரரே ஸ்பைடர்மேனை நடிகரை வைத்து நீளப்படமாக்கியது 1977 இல்தான். அதற்கு நான்கு வருடத்துக்கு முன்னரே ஒருவர் கேள்வி கேட்காமல் அவனைத் தூக்கிப் பொல்லாதவனாக்கிவிட்டார். கெப்டன் அமெரிக்கா அதிலே கள்ள டொலர் கும்பலைப் பிடிக்க வருகிறார் என்பதையும் கவனியுங்கள். டொலரைக் காப்பாற்றத்தான் அமெரிக்கர் வருகிறார்.

இதெல்லாம் நமக்கு அந்நியமென்று பாவனை பண்ணுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. ‘இரும்புக்கை மாயாவி’யைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து வளர்ந்தவர்கள் பின்னவீனத்துவம் பேசுவதில் தவறில்லை, மாயாவியை மறுப்பதில்தான் தவறு. அதற்கும் முன்னால் போனால் ‘சக்கூன் படைப்போர்’ இருக்கிறது, ‘ஐந்து படைப்போர்’ இருக்கிறது. தலைகள் உருள, அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் வீரத்தைக் கூட்டிக் கூட்டிச் சொன்ன அந்த நூல்களை எங்கள் வீட்டுக் கிழவிகள் ராகம் போட்டுப் பாடக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனத்தோலியாவில் அதே வகைக் கதைதான் பத்தால் காஸியின் கதை. எழுபதுகளில் அதைப் படமாக்கி, மதிலுக்கு மதில் பாய்ந்தவர் மேலே சொன்ன அதே ஜுனெய்த் அர்க்கின்தான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்கச் சொல்கிறேனா? இல்லை. இந்தப் படங்களைக் கண்டிக்க வேண்டிய இடம் உண்டு, சிரிக்கிறவர்கள் அதையும் கெடுத்துவிடுகிறார்கள் என்பதே என் பெரிய முறைப்பாடு. ‘மூன்று மாவீரர்க’ளின் தொடக்கத்தில் ஒரு பெண்ணைக் கடற்கரை மணலில் கழுத்துவரை புதைத்து, படகின் சுழல்விசிறியை அவள் முகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சிரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பத்தால் காஸி படம் படமாக அடித்து நொறுக்குவது யாரை? பைசாந்தியர்களை, அதாவது கிரேக்கர்களை. 1955 செப்ரெம்பர் 6 ஆம், 7 ஆம் திகதிகளில் இதே பெயோலுவில், யெஷில்ச்சாம் தெருவைச் சுற்றித்தான், கிரேக்கர்களின் கடைகளும் தேவாலயங்களும் உடைக்கப்பட்டன. 1964 இல் ஆயிரக்கணக்கான கிரேக்கர்கள் இஸ்தான்புல்லிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதன்பிறகு, ஆட்கள் போய்விட்ட அதே தெருவில், அட்டைக் கவசம் போட்ட பைசாந்தியர்கள் வாராவாரம் தோற்றார்கள். சிறுபான்மையாக வாழ்கிற எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடை எரிவது என்னவென்றும், எரிந்த பிறகு யாருடைய கதை படமாகும் என்றும் தெரிந்தவர்கள் நாங்கள். ‘மோசமோ மோசம், அதனால் அருமை’ என்கிற சிரிப்பு இந்தப் படத்தைக் கேள்வியிலிருந்து விடுவித்துவிடுகிறது. அட்டைக் கவசம் அட்டைதானே என்று விட்டுவிடுகிறோம். அதைப் பார்த்த பொடியன் அட்டையென்று விடவில்லை.

இப்போதைய நிலைமை இன்னும் வேடிக்கை. சித்திரக்கதைப் படம் எடுக்க இன்று இருபது கோடி டொலர் சாதாரணம். மலிவுப் படங்களுக்கே பேர்போன ட்ரோமா நிறுவனத்தில் தொடங்கிய ஜேம்ஸ் கன் 2025 இல் சுப்பர்மேனையே இயக்கினார், நல்லது. ஆனால் அந்தப் படங்களில் ஆசைக்கும் கைக்கும் நடுவே இடைவெளியில்லை, நினைத்தது நினைத்தபடி திரையில் வந்துவிடுகிறது. இந்த வெறுமைதான் ஆட்களைப் பழைய குப்பையின் பக்கம் ஓடவைக்கிறதென்று நினைக்கிறேன். அந்த ஓட்டத்தையும் வியாபாரமாக்கலாமென்று 2006 இல் துருக்கியிலேயே ஒரு முயற்சி நடந்தது. ‘உலகைக் காத்த மனிதனின் மகன்’ என்று, ஒரு காலத்தில் கரஓலானாகவும் தர்க்கானாகவும் நடித்த கர்த்தால் திபெத்தே இயக்கினார், அர்க்கினும் வந்தார். இம்முறை பகிடி என்று சொல்லியே எடுத்தார்கள். கணினி வரைகலை இருந்தது, பகிடி நடிகர்கள் இருந்தார்கள். என்னால் பாதிக்கு மேல் உட்கார முடியவில்லை. படம் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தது.

மூலப் படமோ நெடுங்காலம் தேய்ந்த வீடியோப் பிரதியாகத்தான் கையிலிருந்து கைக்குப் போனது. நல்ல 35 மில்லிமீற்றர்ப் பிரதியொன்று பின்னர் ஒருவரிடம் கிடைத்தது. அதை வைத்துத்தான் படத்தை மீட்டெடுத்தார்கள். வைத்திருந்தவர் பேராசிரியரோ ஆவணக் காப்பகமோ, ‘அருமை’ என்று சிரித்த இரசிகரோ இல்லை. ஓய்வுபெற்ற படம் ஓட்டுனர்.