ரோட்டுக்க குத்தமா, வண்டிக்க குத்தமா?

தேங்காய்ப்பட்டணம்னா உங்கள்ல பல பேருக்குத் தோப்பில் முகமது மீரான் ஞாபகம் வருவார். எனக்குக் கொஞ்ச நாளா ஊர்ப் பேரைக் கேட்டாலே 'டக்... டக்'னு ஒரு சத்தம்தான் ஞாபகம் வருது. என் காரோட முன் சக்கரத்துச் சத்தம்!

ஆறு மாசமா கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். புதுக்கடை தாண்டி மார்த்தாண்டம் போய்ச் சேர்றதுக்குள்ள ரோட்டைத் திட்டுவேன், போட்டவனைத் திட்டுவேன். பின் சீட்டுல இருந்து அம்மாதான், "மக்களே, குழி இல்லாத எடத்திலயும் சத்தம் கேக்குல்லா?"ன்னாங்க. "ஒண்ணுமில்லம்மா"ன்னு பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

போன மாசம் பஞ்சர் ஒட்டப் போனேன். கடைக்காரர் ஜாக்கியில தூக்கி வச்ச சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். நல்லாவே ஆடுச்சு. "ரோட்டுக்க குத்தம் இல்லண்ணா, வண்டிக்க குத்தமாக்கும்"னார். ஒர்க்ஷாப்புல கழட்டிப் பார்த்தா, லோயர் ஆர்ம்ல பால் ஜாயிண்ட் தேஞ்சு கிடக்கு. அது கழண்டா சக்கரம் வெளியே மடங்கிடும். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்து பிரயோஜனம் இல்லை. முந்தின நாள்தான் அம்மாவை ஏத்திக்கிட்டு மார்த்தாண்டம் மேம்பாலத்துல போயிருந்தேன். நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

என் கருத்து இதுதான்: சஸ்பென்ஷனை நாம சொகுசுக் கணக்குல வச்சிருக்கோம். 'தூக்கிப் போட்டா என்ன, போய்ச் சேர்ந்தா போதும்'னு. அதோட முக்கியமான வேலையே டயரை ரோட்டுல அழுத்தி வைக்கிறதுதான். டயர் எழும்பி எழும்பி விழுந்தா பிரேக் எதைப் பிடிக்கும்? பிரேக்குக்குக் கொடுக்கிற மரியாதையை இதுக்கும் கொடுக்கணும்.

வண்டி முன்கூட்டியே சொல்லத்தான் செய்யுது. மூலையில அழுத்திவிட்டா ஒரு தடவை எழும்பி நிக்கணும். ரெண்டு மூணு தடவை ஆடினா ஷாக் அப்சார்பர் போச்சு. அதோட உடம்புல எண்ணெய் வழிஞ்சிருந்தாலும் அதே கதைதான். பிரேக் போட்டா மூக்கு ரொம்பக் குனியும். டயர் அங்கங்கே திட்டுத்திட்டா தேயும். ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா அலைன்மெண்ட், இல்லைன்னா புஷ், ஜாயிண்ட் எல்லாம் பார்க்கணும். பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுத்தா பிரேக்கோட லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்க. சின்னக் கல்லு மேல மெதுவா ஏறும்போது 'கடகட'ன்னா பெரும்பாலும் லிங்க் ராடு.

எங்களை மாதிரி கடற்கரைக்காரங்களுக்கு இன்னொண்ணும் உண்டு. உப்புக்காத்து ஸ்பிரிங்கையும் போல்ட்டையும் துருவாக்கிடும். பால் ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் கிழிஞ்சா மணலும் தண்ணியும் உள்ளே போகும். என்னுதுல நடந்தது அதுதான். அந்த ரப்பரை சர்வீஸ் விடும்போதெல்லாம் பார்க்கச் சொல்லுங்க. ஷாக் அப்சார்பர் மாத்தினா இடமும் வலமும் சேர்த்தே மாத்துங்க, அலைன்மெண்டும் பாருங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில மட்டும் படுத்துடாதீங்க, புண்ணியமாப் போகும்.

இப்பவும் ரோட்டைத் திட்டத்தான் செய்யறேன். ஆனா பாட்டை நிறுத்திட்டு :-)