மலைநாட்டு இல்லங்களும் கம்பிவழி இணையமும்

கல்வியை நாடுவோர்க்கு நூல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாததாகிவிட்டது இக்காலத்தில் இணையம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகக் கல்விச்சாலைகள் மூடப்பட்டபொழுது இவ்வுண்மை யாவர்க்கும் விளங்கிற்று. அதற்கு முன்னரே, 2019-ஆம் ஆண்டில், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அடையும் உரிமை கல்வியுரிமையின் ஒரு பகுதியே என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி நாம் வினவுவது ஒன்றே: ஒரு வீட்டின் வாயில்வரை வந்த இணைப்பு, அவ்வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் ஒப்பக் கிடைக்கின்றதா?

இல்லை என்பதே நமது கருத்து. வீட்டிற்குக் கைப்பேசி ஒன்றே உளதாயின், அது முதலில் தந்தையார் கைக்கும், பின்னர் மூத்த மகன் கைக்கும் சென்று, எஞ்சிய பொழுதிலேயே மகள் கைக்கு வருவதைப் பல இல்லங்களில் காண்கின்றோம். இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆடவர் நூற்றுக்கு 57 பேர், பெண்டிர் 33 பேர் மட்டுமே என்று 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகின்றது. பெண்டிர்க்கு இவ்வாறு பங்கு குறைவதற்கு ஏழ்மை மட்டும் காரணமன்று. வீட்டினுள் நிகழும் பங்கீடும் ஒரு காரணமாம்.

மலைநாட்டில் இக்குறை மிகுதியாகின்றது. சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைவோர், சேர்வராயன் மலைத்தொடரின் மேடுபள்ளங்களை நன்கறிவர். கோபுரத்தினின்று புறப்படும் அலையை ஒரு குன்று மறைத்துவிடும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களின் ஈரத்தழை அதனை மெலிவிக்கும். பழைய வீடுகளின் கனத்த கற்சுவரோ எஞ்சியதையும் தடுத்துவிடும். முன்கூடத்தில் வைத்த வைஃபை பின்கட்டறையில் எட்டாமற் போவதும் அச்சுவரினாலேயே. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைப்பதே பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். அவ்விழை வாயிலை அடைந்த பின்னும் படிக்கும் மேசையை அடையாவிடில் பயன் யாது?

ஆதலின், இணைப்புப் பெற்ற மலைவீட்டார் அதனைக் கம்பி வழியே ஒவ்வோர் அறைக்கும் கொண்டுசெல்லல் வேண்டும் என்போம். இம்முறை புதிதன்று. ஈதர்நெட் எனும் இது 1973-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் தோன்றியது. வாயிலில் ரவுட்டர் ஒன்று; அதனின்று துளைகள் பல உடைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று; அங்கிருந்து அறைதோறும் ஒரு கேபிள்; இவ்வளவே தேவை. இரண்டிரண்டாய் முறுக்கிய எட்டுச் செப்புக் கம்பிகளை உடைய அக்கேபிள், 100 மீட்டர் வரை தடையின்றி வேலை செய்யும். விடுதி முகவரிக்கு வரும் கடிதங்களை வாங்கி, அறை எண் நோக்கி உரியவரிடம் சேர்ப்பிக்கும் காவலரைப் போல, ரவுட்டர் வெளியுலகிற்கு ஒரே முகவரி காட்டி, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தந்து பங்கிடுகின்றது. ஒருவரே முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளாவண்ணம் அளவு வகுக்கும் வசதியும் பல ரவுட்டர்களில் உண்டு.

இடியும் மின்னலும் மிகுந்த மலையில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு கட்டிடத்தினின்று மற்றொன்றிற்குச் செப்புக் கேபிளை வெளியே இழுத்தல் ஆகாது. அருகில் மின்னல் விழுமாயின் அதன் வேகம் கம்பி வழியே பாய்ந்து கருவிகளைப் பாழாக்கும். ஆளுக்கும் கேடு விளையலாம். கட்டிடங்களுக்கிடையே மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையே தக்கது. வீட்டினுள்ளும் மின்கம்பிகளை ஒட்டிக் கேபிளைக் கொண்டுசெல்லலாகாது.

கைப்பேசி இருக்கக் கம்பி எதற்கு என்பர் சிலர். நடந்துகொண்டே பேசுவோர்க்குக் கைப்பேசி போதும். இரண்டு மணிநேரம் இருந்து பாடம் கேட்பாளுக்கு அறாத இணைப்பும், அவளுக்கென ஓர் இடமும் வேண்டும். சுவரைத் துளைத்தல் வேலை மிகுந்ததே. ஆயினும் ஒருமுறை செய்த அவ்வேலை பல்லாண்டுகள் பயன் தரும்.

அயலார்க்கும் பங்கிடலாமோ எனின், தன் வீட்டு இணைப்பைத் தானே காசுக்கு விற்றல் சட்டத்திற்கு ஒவ்வாது. அதற்கென 2020 டிசம்பரில் மத்திய அரசு இசைவளித்த பி.எம்.-வாணி திட்டம் உளது. அதன்படி சிறு கடைக்காரரும் உரிமமின்றிப் பொது வைஃபை நடத்தலாம். மலைக்கிராமக் கடைத்தெருக்களுக்கு இது பெரிதும் ஏற்றதாகும். தம் வீட்டு இணைப்பில் நிகழ்வதற்கு முதலில் விளக்கங் கூற வேண்டுபவர் அதன் சந்தாதாரரே என்பதையும், ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

விடுமுறையில் மலையேறி இல்லஞ் செல்லும் நம் மாணாக்கரும், தோட்டங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரியும் பழைய மாணாக்கரும் இதனைத் தத்தம் வீட்டிலேயே தொடங்குவாராக. முதற் கேபிள், வீட்டில் இதுகாறும் கடைசியாகக் கைப்பேசி பெற்றவளின் மேசைக்குச் செல்லுமாயின், அதுவே முறையான பங்கீடாகும்.