பேயை ஓட்டுவதா? பேய்க்கு ஓடுவதா?

பகலெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து பட்டு நெய்கின்ற காஞ்சிபுரத்து இளைஞர்களில் சிலர், உடம்புக்கு அசைவு வேண்டுமென்று இரவில் ஓட்டப் பயிற்சி செய்வதும், ஓடும்போது கைப்பேசி வழியாய்ப் பேய்க்கதை கேட்பதும் இப்போது வழக்கமாகி வருகின்றன. இது நம் ஊருக்கு மட்டும் உரிய புதுமையல்ல. 2012-லேயே இங்கிலாந்தில் ‘ஜாம்பீஸ், ரன்!’ என்று ஒரு செயலி கிளம்பி, நடைப்பிணங்கள் துரத்துவதாகக் காதில் கதை சொல்லி ஆட்களை ஓட வைத்தது.

“சுயமரியாதைக்காரர்கள் பேய்க்கதை கேட்கலாமா?” என்று தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். கதையைக் கதையென்று தெரிந்து கேட்பவனோடு நமக்கு ஒரு வழக்கும் இல்லை. நடைப்பிணக் கதை கேட்டு ஓடிய வெள்ளைக்காரன் வீட்டுக்கு வந்து அந்தப் பிணத்துக்குப் படையல் போடவில்லை, தாயத்தும் கட்டிக்கொள்ளவில்லை. அதே கதைக்கு “உண்மைச் சம்பவம்” என்று முத்திரை குத்தி விற்கிறார்களே, அவர்கள்மீதுதான் நம் வழக்கு.

முதலில் உடம்பின் விஷயத்தைப் பார்ப்போம். ஓடினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, வேர்க்கிறது. பயந்தாலும் இதே மூன்றுந்தான். அட்ரினலின் என்னும் சுரப்பு நீர் இரண்டிடத்திலும் வேலை செய்கிறது. ஆகவே ஓட்டத்தால் வந்த படபடப்பைப் பேயால் வந்ததென்று மனம் எளிதில் எண்ணிக்கொள்கிறது. அப்புறம் வேகவதிக் கரையில் கீற்று அசைந்தால் மோகினியின் சேலை. இருட்டில் நாயின் கண் மின்னினால் கொள்ளிவாய்ப் பிசாசு! நாய்க்கும் பூனைக்கும் விழித்திரையின் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டென்பது தெரிந்தால் கொள்ளியும் இல்லை, வாயும் இல்லை.

இரண்டாவது, இந்தப் பேய்களின் யோக்கியதை. செத்த பிறகாவது ஜாதி ஒழிந்ததா? பார்ப்பான் செத்துப் பேயானால் அவன் பிரம்மராட்சசனாம்; மற்றப் பேய்களுக்கெல்லாம் மேலானவனாம்! சுடுகாட்டிலும் வருணாசிரமம். பெண்ணின் கதியோ இன்னும் மோசம். கர்ப்பிணி செத்தால் அவள் ஆவி அலையுமென்று சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அவளைக் கொன்றது இரத்தப் போக்கும், காய்ச்சலும், வைத்திய வசதியில்லாமையும் என்று யோசித்து ஓர் ஆஸ்பத்திரி கேட்டார்களா? கல் நட்டதோடு கடமை தீர்ந்தது. “இரவில் வெளியே போகாதே, பேய் பிடிக்கும்” என்று வீட்டுப் பெண்ணைத்தான் மிரட்டுகிறோமேயொழிய, சினிமாவுக்குப் போகும் மகனை எந்தப் பேயும் தடுப்பதில்லை.

மூன்றாவது, பயத்தின் வியாபாரம். மேலே பல்லி விழுந்தால் தோஷம் என்பார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும் என்பார்கள். நோயும் மருந்தும் ஒரே கடைச் சரக்கு! பேய் வியாபாரமும் இதேதான்.

இதெல்லாம் வெறும் வேடிக்கை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஓலைக் கொட்டகையொன்று தீப்பிடித்தது. தர்காவில் கிடந்தால் பிடித்தது விலகுமென்று கொண்டுவந்து விடப்பட்டு, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் மாண்டார்கள். தர்காவானாலென்ன, கோயிலானாலென்ன, மாதாகோவிலானாலென்ன? மூளையின் நோயைப் பேயென்று நம்பியதன் விலை அது. மனநோயாளியைச் சங்கிலியிடக்கூடாதென்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் சங்கிலியை அறுக்கலாம். நம்பிக்கையை யார் அறுப்பது?

இலங்கையில் டாக்டர் ஆபிரகாம் கோவூர் அவர்கள், அற்புத சக்தியை ஏமாற்றுக்கு இடமின்றி மெய்ப்பிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவினார். 1978-இல் அவர் இறக்கும்வரை மந்திரவாதி, சாமியார் எவரும் அதைப் பெறவில்லை. புனாவில் டாக்டர் நரேந்திர தபோல்கர் அவர்கள் பில்லி சூனியப் புரட்டைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் பல வருஷம் போராடினார். 2013 ஆகஸ்டு 20-ந் தேதி காலையில் உலாவப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். சூனியம் செய்து கொன்றார்களா? இல்லை. துப்பாக்கிதான் தேவைப்பட்டது! அவர் கேட்ட சட்டம் அவ்வருஷமே மராட்டிய மாகாணத்தில் வந்தது.

ஆகவே தோழர்களே! இரவில் தாராளமாய் ஓடுங்கள். உங்கள் சகோதரிகளையும் ஓட விடுங்கள். கதை வேண்டுமானால் கேளுங்கள். ஆனால் ஒரு காதைத் திறந்து வையுங்கள். சாலையில் உங்களைக் கொல்லக்கூடியது லாரியும் மூடாத சாக்கடையுமேயன்றி முனீஸ்வரன் அல்ல. லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியும்படி வெள்ளைச் சட்டை போடுங்கள். அதைக் கண்டு எவனாவது பேயென்று அலறினால், நின்று அவனுக்கு விஷயத்தை விளக்கிவிட்டு ஓடுங்கள். “உண்மைச் சம்பவம்” என்று கதை சொன்னால், எந்த ஊர், எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். கால் ஓடட்டும், அறிவு ஓட வேண்டாம். தீயிலிருந்து ஓடமுடியாமல் செத்த அந்த 28 பேருக்கு, ஓடக்கூடிய காலுடைய நாம் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை இதுவேயாகும்.